மூளையிற் காயமுற்றோர்க்கு இல்லமே பயிற்சிச்சாலை

தமிழிலக்கியம் பயிலும் மாணவன் ஒருவன் மருத்துவப் பொருள்பற்றி எழுதப் புகுதல் நம் கல்லூரி நண்பர் சிலர்க்கு வியப்பளித்தல் கூடும். உயிர்நூற் பகுதியிற் பயில்வோர் இதனை என்னினும் திறம்பட எழுதுவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மூளையிற் காயமுற்ற ஒருவர் மருத்துவமனையினின்று வீடு திரும்பிய பின்னர், அவரைப் பேணும் பொறுப்பு மருத்துவம் பயின்றோர் கையில் நிற்பதன்று. மனைவியிடமும் மக்களிடமும் உடன்பிறந்தாரிடமுமே வந்து சேர்கின்றது. அவ்வாறு வந்து சேர்ந்த பொறுப்பை ஈராண்டாகத் தாங்கிவரும் குடும்பத்தில் யானும் ஒருவன். யாங்கள் அறியாமையாற் செய்த பிழைகளும், பின்னர்க் கற்றுக்கொண்ட உண்மைகளும் பிறர்க்குப் பயன்படுமாயின் நன்று எனக் கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதற்கண், மூளைக்கு நேரும் காயம் யாது என்பதைச் சுருங்கக் காண்போம். மூளை, மண்டையோடு என்னும் வன்மையான பேழைக்குள் வைக்கப்பட்ட மென்மையான உறுப்பு. ஊர்தியினின்று வீழ்தல், மாடியினின்று தவறுதல், தலையில் அடிபடுதல் முதலியவற்றால் அது நேரே சிதைவுறலாம். அல்லது ஓட்டின் உட்புறத்தில் மோதி வீங்கலாம். அல்லது குருதி கசிந்து அதனை அழுத்தலாம். புறத்தே அடி யாதும் இன்றியே, குருதிக் குழாய் அடைபடுதலாலோ வெடித்தலாலோ பக்கவாதம் தோன்றி மூளையின் ஒரு பகுதி அழிதலும் உண்டு. காரணம் வேறாயினும் பயன் பெரும்பாலும் ஒருபடித்தாகவே காணப்படும். கையை அசைக்க வேண்டும் என்னும் ஏவல் மூளையின் மேற்புறணியிற் பிறந்து, மூளைத்தண்டின் வழியாகக் கீழிறங்கி, முகுளத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திற்கு மாறி, தண்டுவடத்தை அடைகின்றது. ஆதலின் இடப்பக்க மூளை சிதைந்தவர்க்கு வலக்கையும் வலக்காலும் தளர்கின்றன. கையிலும் காலிலும் யாதொரு குற்றமும் இல்லை. அவற்றிற்கு வந்துகொண்டிருந்த ஏவலே நின்றுபோயிற்று. இவ்வேறுபாட்டை நன்கு உணர்தல் வேண்டும். ஏனெனின், கையைப் பிடித்து உருவுதலும் எண்ணெய் தேய்த்தலும் மட்டுமே இந்நோய்க்குப் பரிகாரம் ஆகா என்பது இதனால் விளங்கும். பயிற்றப்பட வேண்டியது தசை மட்டுமன்று, மூளையுமாம்.

மூளை பயிற்றப்படக் கூடுமோ? மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு தொழில் என்றும் மாறாதபடி வகுக்கப்பட்டுள்ளது என்றும், ஒரு பகுதி அழியின் அதன் தொழிலும் அதனோடு அழிந்தது என்றும் அறிஞர் பலர் நெடுங்காலம் கருதி வந்தனர். இக்கருத்து முழுதும் உண்மையன்று என்று இக்காலத்தார் கண்டிருக்கின்றனர். இறந்த நரம்பணுக்கள் பெரும்பாலும் மீள்வதில்லை என்பது மெய்யே. ஆயினும் காயத்தின் வீக்கம் வடியும்போது சில ஆற்றல்கள் தாமே திரும்புகின்றன. அதன் பின்னர், எஞ்சிய நரம்புகள் தம்முட் புதுத்தொடர்பு கொண்டு, இழந்த தொழிலைச் சிறிது சிறிதாக ஏற்கின்றன. வயலின் நடுவே பெருவழி ஒன்று வெள்ளத்தால் அழிந்துவிடின், மக்கள் வரப்பின்மேல் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை ஒன்றை உண்டாக்குவர். நடப்பவர் இலராயின் அப்பாதையும் தோன்றாது. மூளையின் நிலையும் இத்தகையதே. ஒரு செயலைக் கருத்தூன்றிப் பலமுறை செய்வதனாலேயே அச்செயலுக்குரிய புதுவழி அமைகின்றது.

இதன் மறுதலையும் அறியற்பாலது. அமெரிக்க அறிஞர் எட்வர்டு டாப் என்பார், ஒரு கையின் உணர்வு நரம்புகள் அறுக்கப்பட்ட குரங்குகளை ஆராய்ந்தார். அவை அக்கையைப் பயன்படுத்துவதை அறவே விட்டுவிட்டன. ஆனால் நல்ல கையைக் கட்டிவைத்தபோது, வேறு வழியின்மையால், அக்கையையே பயன்படுத்தலாயின. எனவே, கையின் இயலாமையோடு ‘இக்கை இனி உதவாது’ என்று கற்றுக்கொண்ட பழக்கமும் ஒன்று சேர்ந்திருந்தது என அவர் கண்டார். இக்கொள்கையினின்று மக்களுக்கும் ஒரு பயிற்சி பிறந்தது. நல்ல கைக்கு உறையிட்டுத் தளர்ந்த கையை வேலை வாங்கும் அப்பயிற்சி, பக்கவாதமுற்று மூன்று முதல் ஒன்பது திங்கள் ஆன 222 பேரைக் கொண்டு சோதிக்கப்பெற்றது. அதன் முடிபு 2006 இல் வெளியாயிற்று. இரு வாரப் பயிற்சியால் விளைந்த நன்மை ஓராண்டு கழித்தும் நிலைத்திருந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதேனும் நிமிர்த்த வல்லார்க்கே இம்முறை உரியது என்பதையும் உடன் கூறல் வேண்டும்.

இல்லத்தில் நிகழ்ந்த பயிற்சி ஒன்றின் வரலாற்றை ஈண்டுக் கூறுதல் பொருத்தமாகும். அஃது இலக்கியம் பயில்வார்க்குத் தனியே இனிமை பயப்பதுமாம். பெத்ரோ பாக்-இ-ரீட்டா என்பவர் கட்டலோனிய மரபிற் பிறந்த கவிஞர். நியூயார்க்கு நகரக் கல்லூரியில் ஆசிரியராய் இருந்தவர். 1959 இல், தம் 65 ஆம் அகவையில், அவர் பக்கவாதத்தால் வீழ்ந்தார். முகமும் உடலின் ஒரு பாதியும் செயலற்றன, பேச்சும் போயிற்று. மெக்சிகோவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அவர் மகன் ஜார்ஜ் தந்தையைத் தன்னிடம் அழைத்துச் சென்றான். அங்கு மருத்துவமனையில் நான்கு வாரம் அளித்த பயிற்சியாற் பெரும்பயன் விளையவில்லை. மகனோ இத்துறையில் யாதும் அறியாதவன். அறியாதவன் ஆதலின், குழந்தை எவ்வாறு கற்கின்றதோ அவ்வாறே தந்தையும் மீளக் கற்கட்டும் என்று எண்ணினான். நடக்கப் பழகுமுன் குழந்தை தவழ்கின்றது. ஆகவே தந்தையைத் தவழச் செய்தான். தளர்ந்த தோளைச் சுவரிற் சார்த்திக்கொண்டு அம்முதியவர் பல திங்கள் தவழ்ந்தார். முற்றத்திலும் அவர் தவழக் கண்ட அயலார், பேராசிரியர் ஒருவரை இங்ஙனம் செய்வித்தல் தகாது என்று கடிந்தனர். மகன் தளரவில்லை. தரையிற் கோலிக்குண்டு உருட்டி எடுக்கச் செய்தான். நாணயங்களைத் தளர்ந்த கையாற் பொறுக்கச் செய்தான். பாத்திரம் கழுவும்போது நல்ல கையாற் பாத்திரத்தைப் பற்றிக்கொண்டு, தளர்ந்த கையை உள்ளே விட்டு, வலமாகக் கால் மணி நேரமும் இடமாகக் கால் மணி நேரமும் சுழற்றச் செய்தான். பின்னர் அவர் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, கை முழுவதையும் மேலிருந்து வீழ்த்தி ஒவ்வோர் எழுத்தாக அடிக்கத் தொடங்கி, நாளடைவில் விரல்களையும் தனித்தனி இயக்கக் கற்றார். முடிவில் தம் கல்லூரிக்கே மீண்டு பாடம் சொன்னார். நோயுற்ற ஏழாண்டின் பின், கொலம்பியா நாட்டு மலையொன்றில் ஏறும்போது நெஞ்சடைப்பால் உயிர் நீத்தார். அவர் மூளையைப் பின்னர்ச் சோதித்தபோது, மூளைத்தண்டில் உண்டான பெருஞ்சிதைவு ஆறாமல் அவ்வாறே இருக்கக் கண்டனர். சிதைவு ஆறவில்லை, மனிதர் எழுந்து நடந்தார். எஞ்சிய நரம்புகளே பணியை ஏற்றிருந்தன. இதனால் உள்ளம் தூண்டப்பெற்ற மூத்த மகன் பால் பாக்-இ-ரீட்டா, மூளையின் மாறுந்தன்மையை ஆராய்வதிலும் நோயாளர் பயிற்சியிலும் தம் வாழ்நாளைச் செலவிட்டார். இவ்வரலாற்றை நார்மன் டாய்ட்ஜ் என்பார் 2007 இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார்.

நிற்க. ஒருவர் வரலாற்றைக் கொண்டு எல்லார்க்கும் விதி வகுத்தல் முறையன்று. எல்லாரும் இவரைப்போல எழுவர் என்று கூறுதல், துன்புற்ற குடும்பத்தாரை ஏமாற்றுவதாக முடியும். ஆதலின் பலரைக் கொண்டு செய்யப்பெற்ற ஆராய்ச்சிகளையும் நோக்குவோம். பக்கவாதமுற்ற 408 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த சோதனையொன்றின் முடிபு 2011 இல் வெளியாயிற்று. ஒரு சாரார்க்கு, உடற்பாரத்தைக் கச்சையால் தாங்கும் நடைப்பொறியின்மேல் நடைப்பயிற்சி அளித்தனர். மற்றொரு சாரார்க்கு, இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டிற்கே சென்று, வலிமைக்கும் நிலைப்பாட்டிற்கும் உரிய எளிய பயிற்சிகளைக் கற்பித்தனர். ஓராண்டின் முடிவில் இருசாராரிடையும் நடைத்திறனில் வேறுபாடு காணப்படவில்லை. மொத்தத்தில் நூற்றுக்கு 52 பேர் மேல்நிலை எய்தியிருந்தனர். விலையுயர்ந்த பொறி இல்லையே என்று ஏங்கும் எளிய குடும்பங்கட்கு இஃது ஆறுதல் தரும் செய்தியன்றோ?

ஆயினும் நம் நாட்டிலேயே நிகழ்ந்த மற்றொரு சோதனை நம்மை எச்சரிக்கின்றது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளிற் பக்கவாதத்திற்காகச் சேர்ந்த 1250 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாரின் குடும்பத்தினர்க்குப் பயிற்சிமுறையைச் சில நாள் கற்பித்து, வீட்டில் அவர்களையே நடத்தச் செய்தனர். 2017 இல் வெளியான முடிபின்படி, ஆறு திங்களின் பின், இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் இரு கூற்றிலும் ஒரே அளவினராய், நூற்றுக்கு 47 பேராய் இருந்தனர். குடும்பத்தாரின் அன்பும் சில நாட் போதனையும் மட்டுமே போதா என்பதே இதனால் யாம் அறிவது. முன்னைச் சோதனையில் வீட்டிற்கு வந்தவர் பயிற்சி பெற்றவர். பின்னையதில் வீட்டார் தாமே செய்தனர். இவ்விரு சோதனைகளும் எல்லா வகையானும் ஒத்தன அல்ல; ஆயினும் இரண்டையும் ஒருங்கு நோக்குமிடத்து, இல்லம் தக்க இடமே என்பதும், அவ்விடத்தில் கற்றோர் ஒருவரின் கண் விடாது இருத்தல் வேண்டும் என்பதும் என் அறிவிற்குப் புலனாகின்றன.

இனி எம் இல்லத்து நிகழ்ச்சியைக் கூறுவேன். என் தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஈராண்டின் முன், தலைக்கவசம் அணியாது மோட்டார் சைக்கிளிற் சென்று வீழ்ந்து, இடப்பக்க மூளையிற் காயமுற்றார். கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிய வலக்கை மடிந்து மார்போடு ஒட்டிக்கொண்டது, வலக்கால் தளர்ந்தது. மருத்துவமனையினின்று விடைபெறும் நாளில், பயிற்சிகளின் படங்கள் அச்சிட்ட தாள் ஒன்றை எம் கையிற் கொடுத்தனர். அதனை விளக்குவார் அங்கு இலர். யாங்கள் அத்தாளை வேதபுத்தகத்திற்குள் பத்திரமாக வைத்துவிட்டு, எமக்குத் தெரிந்த வழியில் அவரைப் பேணினோம். என் தாயார் அவர்க்கு மூன்று வேளையும் ஊட்டினார்; சட்டை அணிவித்தார்; தலை வாரினார்; நீர் கேட்கும் முன்னரே குவளையை வாயில் வைத்தார். யானோ, கட்டிலினின்று அவரை எழுப்புங்கால் தளர்ந்த கையைப் பற்றி இழுத்து எழுப்பி வந்தேன். பத்து நாளில் அவர் தோள் வலியால் இரவெல்லாம் உறங்காராயினார். அவ்வலி அடங்க இரண்டு திங்கள் ஆயிற்று. அதற்குக் காரணம் யானே என்று அறிந்தபோது எனக்கு உண்டான வருத்தத்தை எழுத இயலவில்லை.

நான்கு திங்கள் கழிந்தபின், வாரம் ஒருமுறை வீட்டிற்கு வரும் இயன்முறைப் பயிற்சியாளர் ஒருவர் எமக்குக் கிடைத்தார். முதல் நாள் அவர் பயிற்சி யாதும் தொடங்கவில்லை. உணவு வேளை வரையில் இருந்து, நடப்பதைப் பார்த்திருந்தார். பின்னர் என் தாயாரை நோக்கி, “அம்மா, ஐயாவின் கையை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அதைத் திருப்பிக் கொடுங்கள்” என்றார். என் தாயார் கண்ணீர் வடித்தார். கணவனுக்கு ஊட்டுதல் கொடுமையோ என்று வினவினார். “கொடுமை அன்று, அம்மா, ஆனால் அவர் கற்கும் வேளையை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்” என்று அவர் மறுமொழி கூறினார். அந்நாளிலிருந்தே எம் வீடு மாறத் தொடங்கிற்று.

எமக்கு அவர் கற்பித்தனவற்றுள், எல்லார்க்கும் பொதுவாகத் தக்கன சிலவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்பேன். ஒவ்வொருவர் காயமும் வேறு வேறாதலின், அவரவர் மருத்துவரையும் பயிற்சியாளரையும் கேட்டே எதனையும் தொடங்கல் வேண்டும்.

ஒன்று: தளர்ந்த கையைப் பற்றி இழுத்தலும், அக்குளிற் கைகொடுத்துத் தூக்கலும் ஆகா. தோளின் மூட்டைத் தசைகளே பெரிதும் தாங்குவன. அவை தளர்ந்தவிடத்து மூட்டு எளிதில் நழுவும். எழுப்புவோர் இடுப்பைத் தாங்கி எழுப்புதல் வேண்டும். அமர்ந்திருக்கும்போது தளர்ந்த கை தொங்காதபடி தலையணைமேல் இருத்தல் நன்று. தாமே புரள இயலாதவரைக் காலந்தவறாது பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல் வேண்டும். இல்லையேற் படுக்கைப் புண் தோன்றும்.

இரண்டு: பயிற்சி வாழ்க்கையோடு பொருந்தியதாய் இருத்தல் வேண்டும். வெறுங்கையைப் பத்து முறை தூக்குவதினும், செம்பை எட்டி எடுத்தல், பயறு பொறுக்குதல், துண்டு மடித்தல், பல்லாங்குழியில் முத்து இடுதல் ஆகியன சிறந்தன. செய்தற்கு ஒரு நோக்கம் இருப்பின் மனம் அதிற் பதியும். என் தந்தையார்க்கு மாலை ஜெபவேளையிற் பாட்டுப்புத்தகத்தின் ஏட்டை வலக்கையாலேயே திருப்புதல் கடமையாக வகுக்கப்பட்டது. அவர் திருப்பும்வரை யாவரும் பாடாது காத்திருந்தோம்.

மூன்று: நாற்காலியினின்று எழுந்து நின்று மீள அமர்தல் எளிதாகத் தோன்றினும் மிகச் சிறந்த பயிற்சியாகும். இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, உடலை முன்னே சாய்த்து, இரு கால்களிலும் ஒப்பப் பாரம் வைத்து எழுதல் வேண்டும். நல்ல காலின்மேல் மட்டும் எழுந்தால், தளர்ந்த கால் என்றும் மாணவனாகவே இராது. அருகே ஒருவர் தளர்ந்த பக்கம் நிற்க வேண்டும். சுவரும் உறுதியான மேசையும் கைக்கு எட்டும்படி இருத்தல் நன்று.

நான்கு: வீழ்தலைத் தடுத்தல் வேண்டும். ஈரத்தரை, சுருளும் பாய், குறுக்கே கிடக்கும் மின்கம்பி, இருண்ட நடை ஆகியவற்றை அகற்றுக. குளியலறையிற் பிடிகம்பி இடுக. ஒருமுறை காயமுற்ற தலை மறுமுறையும் அடிபடலாகாது.

ஐந்து: ஓய்வும் பயிற்சியின் பகுதியே. காயமுற்ற மூளை விரைவிற் களைக்கும். நெடுநேரம் ஒருமுறை செய்வதினும், சிறிது சிறிதாகப் பலமுறை செய்தல் நன்று. தலையில் அடிபட்டோர்க்கு மறதியும் சினமும் ஊக்கமின்மையும் தோன்றுதல் இயல்பு. அவை அவர் குணக்கேடல்ல, காயத்தின் விளைவே. ஒரே வேளையில் ஒரே முறையிற் பயிற்றினால் மறதி இடர் செய்யாது.

ஆறு: உணவும் நீரும் நிமிர்ந்து அமர்ந்தே கொள்ளல் வேண்டும். விழுங்கும்போது இருமல் தோன்றின் மருத்துவரிடம் உரைக்க. தலைவலி மிகுதல், வாந்தி, மயக்கம், வலிப்பு, புதிதாக ஓர் உறுப்புத் தளர்தல் இவற்றுள் ஒன்று காணினும் பயிற்சியை விடுத்து உடனே மருத்துவமனை சேர்க.

இவற்றையெல்லாம் ஆழ்ந்து எண்ணுங்கால், எம் வகுப்பிற் பயிலும் இலக்கணம் என் நினைவிற்கு வந்தது. உண்டான் என்பது தன்வினை. உண்பித்தான் என்பது பிறவினை. எழுந்தான், எழுப்பினான், நடந்தான், நடத்தினான் என்பனவும் அவ்வாறே. நோயுற்றவர் இல்லத்தில் முதலில் எல்லாம் பிறவினையாகவே நிகழ்கின்றன, அது வேண்டியதுமாம். ஆனால் அன்பின் மிகுதியால் அப்பிறவினையை யாங்கள் என்றைக்கும் நீட்டிக்கத் தலைப்பட்டோம். பயின்றான் என்பதன் பிறவினை பயிற்றினான் என்பது. இஃதொன்றே மற்றவனைத் தன்வினைக்கு மீட்டுக் கொடுக்கும் பிறவினை. சூம்பிய கையையுடைய மனிதனைக் கண்ட நம் ஆண்டவர், அக்கையைத் தாமே பற்றி நீட்டினாரல்லர். அவனையே நீட்டும்படி பணித்தார் என்று சுவிசேஷத்திற் காண்கின்றோம். அவ்விடத்தை யான் சிறுவயது முதல் கேட்டிருந்தும், பணித்தல் இத்துணை அருமையானது என்பதை எம் வீட்டிலேதான் அறிந்தேன்.

பேணுவோர் நிலையையும் மறத்தலாகாது. ஒருவர் தாமே உண்பதைப் பார்த்திருத்தல், அவர்க்கு ஊட்டுதலினும் கடினம். சோறு சிந்தும், நேரம் நீளும், அயலார், மனைவி கருணையற்றவள் என்பர். என் தாயார் அச்சொல்லையும் கேட்டார். ஆதலின் இப்பணியை ஒருவர் தலையிலேயே சுமத்தாது, வீட்டார் யாவரும் முறைவைத்துச் செய்தல் வேண்டும். உறவினரும் நண்பரும் பழம் வாங்கிவந்து இரங்கிச் செல்வதினும், ஒரு மணி நேரம் உடனிருந்து நோயாளியோடு பல்லாங்குழி ஆடுவார்களாயின், அதுவே பேருதவியாகும். நம் மாணவர் இதனை எளிதிற் செய்யலாம்.

என் தந்தையார் இன்று கோலூன்றி முற்றத்தில் நடக்கின்றார். வலக்கையாற் குவளையைப் பற்றுகின்றார். பழைய கையெழுத்து மீளவில்லை. மீளும் என்று உறுதிகூற எவரும் இலர். கையொப்பம் இடக்கையால் இடுகின்றார். ஞாயிறுதோறும் சட்டைப் பொத்தான் ஐந்தையும் தாமே இடுவதென்று உறுதி பூண்டுள்ளார். அதற்குக் கால்மணிக்கு மேற்பட்ட நேரம் ஆகின்றது. முன்னாளில், ஆலயத்திற்கு நேரமாயிற்றே என்று என் தாயார் ஓடிவந்து பொத்தானை இட்டுவிடுவார். இந்நாளிலோ யாங்கள் புறப்பட ஆயத்தமாகும் வேளையை அரைமணி முற்படுத்திக்கொண்டோம். ஐந்தாம் பொத்தானை அவர் இட்டு முடிக்கும்வரை, யாவரும் வாயிலில் அமர்ந்து காத்திருக்கின்றோம்.